குணமடைந்தவரின் மனைவி

என் கணவர் குணமாகிவிட்டார் என்ற செய்தி எனக்குத் தபாலில்தான் வந்தது. தபால்காரர் மணியடித்தபோது அவர் பாத்ரூம் படியில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வெளியே இருந்த கால் உள்ளே போக மறுத்தது. உள்ளே போன கால் திரும்பி வர மறுத்தது. நான் பின்னால் நின்று அவர் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். மணி இரண்டாவது முறை அடித்ததும், "யாருன்னு போய்ப் பாரேன், ஏன் மசமசன்னு நிக்கறே?" என்று ஒரு அதட்டல் போட்டார். நான் கையை விட்டால் விழுந்துவிடுவோம் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் அதட்டினார். அதுதான் எங்கள் வீட்டு இன்ஸ்பெக்டர்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று நினைத்துவிடாதீர்கள், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அடுத்தவருக்கு மார்க் போட்டவர். அவர் வருகிறார் என்றால் அங்கே சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், உடைந்த பெஞ்சுகளை மாடியில் ஒளித்து வைப்பார்கள், படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கெல்லாம் அன்றைக்குக் காய்ச்சல் வந்துவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "என் காதுலயே பூ சுத்தப் பாக்கறாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஓய்வு பெற்ற பிறகு மார்க் போட நான் ஒருத்திதான் மிச்சம். துணி மடிப்பதிலிருந்து கதவு சாத்துவதுவரை என் தரத்தை அவர் கவனித்துக்கொண்டே இருந்தார்.

பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் சுரணை கெட்டுப் போயின. பேச்சு மட்டும் போகவில்லை. டாக்டர் அதை நல்ல அறிகுறி என்றார். டாக்டர் எங்கள் வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தவரில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே முதியோருக்கான வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் அவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். அதன்படி ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிஸ்டர் வந்தார். ஒல்லியான உடம்பு, தோளில் மூட்டை மாதிரி ஒரு பை. இன்ஸ்பெக்டரின் இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி, "எந்திரிங்க ஐயா, பரீட்சைக்கு நேரமாச்சு" என்று ஒரே மூச்சில் நிறுத்திவிடுவார். பாத்ரூம் படியைத் தாண்ட வைத்து, குளிக்க வைத்து, குதிகாலில் புண் வருகிறதா என்று பார்த்து, ரத்த அழுத்தம் எடுத்து, அவர் சொல்லும் குறைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டுத் தலையாட்டி முடிக்கும்வரை நான் பக்கத்து அறையில் முதுகை நீட்டிப் படுத்திருப்பேன். என் முதுகெலும்பு தேய்ந்துவிட்டதென்று டாக்டர் சொல்லி ரொம்ப நாளாகிறது. கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார். எங்கள் வீட்டில் கனமான பொருள் என்று இருப்பது என் கணவர் ஒருவர்தான்.

மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வாரம் தவறாமல் வீடியோவில் வந்து, "அப்பாவை நல்லா பாத்துக்கோம்மா" என்பான். வீடியோவில் வருகிறவன் யாரையும் தூக்கி உட்கார வைக்க முடியாது. ஆகவே சிஸ்டர் வருவது நின்றால் நான் படுத்துவிடுவேன், நான் படுத்தால் அவர் கதி அதோகதிதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

ஆனால் ஆராய்ச்சி வந்தது. ஒரு நாள் சிஸ்டரோடு கழுத்தில் அட்டை தொங்க ஓர் ஆள் வந்து நின்றார். திட்டத்தின் தர அதிகாரியாம். முப்பத்தைந்து வயது இருக்கும். மனசுக்குள் அவருக்குத் தரம் தம்பி என்று பெயர் வைத்தேன்.

"அம்மா, முதியோர் வீட்டுப் பராமரிப்போட தரமும் மதிப்பும் எவ்வளவுன்னு ஒரு பெரிய ஆய்வு நடக்குது. உங்க வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்காங்க" என்றார், லாட்டரியில் பரிசு விழுந்ததைச் சொல்வதுபோல்.

"எங்களுக்கு என்ன ஆகும்?"

"சார் கிட்ட முன்னேற்றம் தெரியணும். தெரியலேன்னா திட்டத்தால பிரயோஜனம் இல்லைன்னு மூடிருவாங்க."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நல்லதும்மா. இனிமே அவருக்குத் தேவையில்லைன்னு ஆயிரும்."

"அப்போ அவர் நடந்தாலும் சிஸ்டர் வரமாட்டாங்க, நடக்கலேன்னாலும் வரமாட்டாங்க. அப்படித்தானே தம்பி?"

"சேச்சே, அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா. நடுவுல ஒண்ணு இருக்கு." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "கொஞ்சமா முன்னேறணும். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமா. அதுதான் எல்லாருக்கும் நல்லது."

போகும்போது, கை கழுவுவது எப்படி என்று படம் போட்ட சுவரொட்டியை எங்கள் ஹாலில் ஒட்டிவிட்டுப் போனார். எங்கள் ஹாலில் குழாய் கிடையாது.

அன்றிலிருந்து இன்ஸ்பெக்டருக்குப் புது உயிர் வந்துவிட்டது. யார் யாரையோ பரிசோதித்த மனிதருக்கு முதல் முறையாகத் தன் வீட்டில் பரிசோதனை. சுவரொட்டி கோணலாக இருக்கிறதென்று என்னை நாற்காலியில் ஏற்றினார். மாத்திரை டப்பாவைத் துடைக்கச் சொன்னார். தையல் விட்ட தலையணையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொன்னார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். மாடியில் பெஞ்சை ஒளித்த தலைமை ஆசிரியர்களை நினைத்துக் கொஞ்சமாவது வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் மும்முரமாக இருந்தார். சிஸ்டரையும் விடவில்லை. "கை கழுவினியான்னு கேட்டா என்ன சொல்லுவே? உரக்கச் சொல்லு. ஆய்வாளர் முகத்தைப் பாத்துச் சொல்லு" என்று ஒத்திகை பார்த்தார்.

சிஸ்டர் பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒப்பித்தார்.

நான் தனியாக அவரைப் பிடித்துக்கொண்டேன். "இங்க பாருங்க, நடக்கச் சொல்லுவாங்க. பாதி தூரம் போயி, முடியலைன்னு உக்காந்துடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய்யா? நெஜமாவே உங்களால பாதி தூரம்தானே முடியும்!"

"அது சாதாரண நாள்ல. பரிசோதனை அன்னிக்கு எப்படிப் பாதியில நிப்பேன்? சிஸ்டருக்குக் கெட்ட பேர் வந்துடாது? இந்தப் பொண்ணு எனக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கு!"

அந்தப் பெண்ணுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்து அவளை வீட்டை விட்டே அனுப்பப் போகிறார் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. இன்ஸ்பெக்டர் புத்தி மார்க்கைத் தாண்டி எதையும் பார்க்காது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவரோடு பேசவே இல்லை.

ஆய்வுக்கு வந்தது ஒரு சின்னப் பெண். பேராசிரியர் ஒருவரிடம் வேலை பார்க்கிறாளாம். கையில் டேப்லெட், கழுத்தில் ஸ்டாப்வாட்ச், பையில் நீல நிற டேப். நல்ல பெண்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, என் கணவருக்கு எதிரே மரியாதையாக உட்கார்ந்தாள்.

"சிஸ்டர் வந்தவுடனே கை கழுவறாங்களா சார்? எப்போதும், பெரும்பாலும், சில சமயம், இல்லவே..."

"எப்போதும்."

"உங்களுக்குப் புரியற மாதிரி விளக்கமா..."

"எப்போதும்."

"உங்களை மரியாதையா..."

"எப்போதும். அடுத்து?"

கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுந்தது. சிஸ்டர் வந்தால் எனக்கு முதுகை நீட்ட முடிகிறதா என்று ஒரு கேள்வி வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "கடைசில நான் ஒண்ணு சொல்லிக்கலாமாம்மா?" என்று கேட்டேன்.

"வேறு கருத்துன்னு முன்னெல்லாம் ஒரு இடம் இருந்துச்சும்மா. எல்லாரும் அதுலயே நெறைய சொல்லிட்டாங்க. கணக்குப் போட முடியலைன்னு பேராசிரியர் எடுத்துட்டார்."

பிறகு ஹால் தரையில் நீல டேப்பை ஒட்டினாள். நாற்காலியிலிருந்து எழுந்து, அந்தக் கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். நான் குறுக்கே புகுந்தேன். "அவரைப் பாத்ரூம் படி தாண்டச் சொல்லிப் பாரும்மா. அங்கதான் சங்கதியே இருக்கு."

"சமதரையில நடக்கறதுதாம்மா அளவு. படி ஒவ்வொரு வீட்லயும் ஒவ்வொரு உயரம் இருக்கும். ஒப்பிட முடியாது."

"எல்லார் வீட்லயும் பாத்ரூம் இருக்குமே?"

"வீட்ல இருக்கும்மா. ஆய்வுல இல்ல."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். கைத்தடியை வாங்கிக்கொள்ளவில்லை. பாதி தூரம் வந்ததும் நான் இருமினேன். இன்னும் பலமாக இருமினேன். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு நடந்துகொண்டே இருந்தார். பின்னாலேயே கைகளை விரித்துக்கொண்டு போன சிஸ்டர், "போதும் ஐயா, உக்காருங்க, போதும்" என்று கெஞ்சினார். இன்ஸ்பெக்டரோ டேப் கோட்டைத் தொட்டு, திரும்பி, நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, நெற்றி வேர்வையோடு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். அவள் கைதட்டிவிட்டாள். அவர் நடந்ததைப் பார்த்து எனக்கும் ஒரு கணம் மனசு குளிர்ந்தது. அடுத்த கணம் பகீரென்றது.

எல்லோரும் போன பிறகு கட்டிலில் சாய்ந்தவர்தான், அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. உடம்பெல்லாம் நடுங்கியது. "முழு மார்க்" என்று மட்டும் அவ்வப்போது சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த தபால்தான் நான் முதலில் சொன்னது. அவரை ஒருவழியாகப் படிக்கு இந்தப் பக்கம் இழுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, போய் வாங்கிப் பிரித்தேன். "தாங்கள் பிறர் உதவியின்றி இயங்கும் நிலையை எட்டியுள்ளீர்கள். இனி செவிலியர் வருகை தேவைப்படாது. வாழ்த்துகள்!" கூடவே பளபளவென்று ஒரு சான்றிதழ். இன்ஸ்பெக்டர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகுதான் தலையை நிமிர்த்தி, "அப்போ சிஸ்டர்?" என்று கேட்டார். நான் அதற்கு என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

திட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "குணமானவருக்கு நர்ஸ் அனுப்ப விதி இல்லையேம்மா" என்றார் தரம் தம்பி.

"அவர் குணமாகலை தம்பி."

"அப்போ திட்டம் தோல்வின்னு எழுதித் தரச் சொல்றீங்களா? உங்க ஒருத்தருக்காக எல்லாருக்கும் நின்னு போகட்டுமா?"

சிஸ்டர் கதை இன்னும் வேடிக்கை. இவ்வளவு உயர்ந்த தரம் காட்டிய நர்ஸை வீடு வீடாக அலைய விடலாமா என்று அவரைப் பயிற்சியாளராக்கிவிட்டார்கள். ஒரு நாள் போன் செய்தார். "ஒரு பொம்மையைப் படுக்க வச்சு சொல்லித் தர்றேன் அம்மா. எவ்வளவு புரட்டினாலும் ஒரு குறை சொல்லுதா பாருங்க! ஐயா எப்படி இருக்கார்?" குணமாக இருக்கிறார் என்றேன். சிஸ்டர் அழுதுவிட்டார்.

பெல்ட்டைக் கட்டி நானே தூக்கினேன். வேறு யார் தூக்குவது? கொஞ்ச நாள் ஓடியது. ஒரு காலையில் அதே பாத்ரூம் படியில் அவரை ஏற்றும்போது என் முதுகில் ஏதோ சுளீரென்று இழுத்தது. இருவரும் ஒன்றாகக் கீழே விழுந்தோம். மேல்வீட்டுக்காரரும் அவர் மனைவியும் வந்துதான் எடுத்தார்கள். அவருக்குச் சிராய்ப்பு. எனக்கு முதுகெலும்பில் விரிசல். அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேல்வீட்டு அம்மாள் வேலைக்குப் போகுமுன் ஒரு முறையும் வந்த பின் ஒரு முறையும் எங்களைக் கவனித்துவிட்டுப் போனார். நடுவில் இன்ஸ்பெக்டர் நாற்காலியிலும் நான் கட்டிலிலுமாக, வைத்தது வைத்தபடி கிடந்தோம். எத்தனை நாளைக்கு அடுத்த வீட்டாரை நம்ப முடியும்? எனக்கும் திட்டத்தில் நர்ஸ் கேட்டு மனுப் போட்டோம்.

மனுவை விசாரிக்க வந்தது அதே ஆராய்ச்சிப் பெண். இது இரண்டாம் கட்டமாம். குடும்பத்தார் செய்யும் பராமரிப்பின் மதிப்பை அளக்கிறார்களாம். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது. ஆனாலும் கேள்வி கேள்விதான்.

"வீட்ல உங்களைப் பாத்துக்கற அளவுக்கு உடம்பு நல்லா இருக்கற பெரியவங்க யாராவது இருக்காங்களாம்மா? இருந்தா நர்ஸ் தர மாட்டாங்க."

"யாருமில்ல."

அவள் டேப்லெட்டைப் பார்த்தாள். "சார் குணமாயிட்டாரே?"

சார் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தார். அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். "சார், அம்மாவைத் தூக்கி உக்கார வைக்க முடியுமா? ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. நான் பதிவு பண்ணணும்."

அவர் எழுந்தார். எப்படி எழுந்தார் என்று தெரியாது. தடியை ஊன்றிக் கட்டிலருகே வந்து, இடது கையை என் தோளுக்கடியில் நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். நான் இம்மிகூட நகரவில்லை. அவருடைய வலது கால் மடங்கியது. கட்டில் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது.

"என்னால முடியலம்மா" என்றார்.

அந்தப் பெண் பேராசிரியருக்குப் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள். "சார், முதல் கட்டத்துல நடந்தாரே, அந்த இன்ஸ்பெக்டர், அவரால இப்போ முடியல சார்."

"அது எப்படி? அவர்தானே நம்ம கட்டுரைல முக்கிய உதாரணம்? கட்டுரை வெளியாயிடுச்சே!"

"நேர்ல பாத்துட்டுத்தான் சொல்றேன் சார்."

"இப்போ முடியலைங்கறது வேற ஆய்வும்மா. இந்த ஆய்வுல அவர் நடக்கறார். அதை மாத்த முடியாது."

இன்ஸ்பெக்டர் கையை நீட்டிப் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். "ஐயா, ஒரு உதவி பண்ணுங்க. உங்க கட்டுரைல ஒருத்தர் நடந்துட்டு இருக்கார் இல்லையா? அவரைக் கொஞ்சம் இங்க அனுப்பி வைங்க. என் மனைவி கட்டில்ல கெடக்கா. அவர் வந்து தூக்கட்டும்."

"சிக்னல் சரியில்ல போல" என்று சொல்லிப் பேராசிரியர் வைத்துவிட்டார்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்த சிரிப்பு முதுகைக் கவ்விப் பிடித்து, கண்ணில் தண்ணீர் வந்தது.

அந்தப் பெண் வெகுநேரம் திரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஒரு வழி இருக்கு சார். ஆனா நல்லா இருக்காது." திரையை அவரிடம் திருப்பினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்காக வாய்விட்டுப் படித்தார். "உடல் தகுதியுள்ள கணவர், மனைவியைப் பராமரிக்க மறுக்கிறார்."

"இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா அம்மாவுக்குக் கண்டிப்பா நர்ஸ் வந்துடுவாங்க சார்."

"மறுக்கிறேன்னு எதுக்கும்மா? முடியலைன்னு போடக் கூடாதா?"

"முடியலைன்னு போட விடாது சார். உங்களால முடியும்னு ஏற்கனவே ஏறியிருக்கு."

"இதை யாரெல்லாம் பார்ப்பாங்க?"

"ஃபைல்ல இருக்கும் சார். எப்பவும் இருக்கும்."

தன்னைப் பற்றி மேலதிகாரி எழுதிய ரகசியக் குறிப்பில் 'மிக நன்று' என்பதற்குப் பதில் 'நன்று' என்று இருந்ததற்காக, ஒரு காலத்தில் தலைமை அலுவலகம்வரை ஏறி இறங்கியவர் அவர். இப்படி ஒரு வரியை அவரால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். "வேண்டாங்க" என்றேன். "மேல்வீட்டம்மா இருக்காங்க. எப்படியாவது சமாளிச்சுக்கலாம்."

"நீ வாயை மூடிட்டுப் படு" என்றார்.

வலது கை எழும்பவில்லை. இடது கை ஆள்காட்டி விரலைக் கண்ணாடித் திரையில் வைத்து, சின்னப் பிள்ளை எழுதுகிற மாதிரி கோணலும் மாணலுமாகத் தன் பெயரை முழுசாக எழுதினார். எழுதிவிட்டு என் பக்கம் திரும்பவில்லை, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமையிலிருந்து நர்ஸ் வருவார் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி வெளியே போனாள். இத்தனை வருஷமாக அந்த மனிதரோடு குடித்தனம் செய்திருக்கிறேன். என்னைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த அந்த நிமிஷத்தில் அவரை எனக்குப் பிடித்த மாதிரி அதற்கு முன்னால் ஒரு நாளும் பிடித்ததில்லை.